மல்லாந்த மீனுக்கு அவித்த பட்டாணி

கடை வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. இன்னமும் காலை ஆறு மணிக்கு என் கை எதையாவது நறுக்கத் தேடுகிறது. "சும்மா உட்காரும்மா" என்று மகன் சொல்கிறான். எனக்கு உட்கார வராது. டீயைக் குடித்துவிட்டு வாசலுக்குப் போவேன், திரும்பி அடுப்படிக்கு வருவேன், மறுபடியும் வாசல். இதற்கு நடுவில் போன் கூப்பிடும். கடையில் என் இடத்துக்கு வந்திருக்கும் கௌசல்யாதான்.

"செல்லக்கா, ஒருத்தங்க மீனுக்கு பீட்ரூட் போடலாமான்னு கேக்காங்க."

"ரெண்டு நாளைக்குத் தொட்டித் தண்ணி ரத்தமா கெடந்தாப் பரவாயில்லைன்னா போடச் சொல்லு."

அடுத்த நாள் சுரைக்காய். அதற்கடுத்த நாள் இட்லி. இட்லி! முன்பெல்லாம் மீன் வளர்ப்பவர்கள் பொட்டலத் தீனியை வாங்கிக்கொண்டு பேசாமல் போவார்கள். இப்போது ஆளாளுக்குப் போனில் வீடியோ பார்த்துவிட்டு, வீட்டில் செய்ததைப் போட்டால்தான் மீனுக்கு நல்லது என்று கிளம்பிவிட்டார்கள். நல்லதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. முப்பது வருஷம் அதைத்தானே செய்தேன். ஆனால் எதை எப்படி என்று தெரியாமல் செய்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். "அக்கா, நீங்களே ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, சுவத்துல ஒட்டிருதேன்" என்றாள் கௌசல்யா. அதற்காகத்தான் உட்கார்ந்தேன். தாள் ஒன்றோடு நிற்கவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீன் கடையில் வேலை என்றால் இந்த ஊரில் சாளை என்ன விலை என்றுதான் கேட்பார்கள். என் சொந்த நாத்தனாரே பத்து வருஷம் கேட்டாள். எங்கள் கடை கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற மீன் விற்கிற கடை. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. நான் புதூர்ப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வந்து நாலு வருஷம் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கினேன். மருந்து வாடை ஒத்துக்கொள்ளாமல் இருமல் வந்தது, விட்டுவிட்டேன். தொட்டி கழுவ ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். முதல் ஆறு மாதம் கழுவியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

எங்கள் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். சத்தம் போட மாட்டார். அது இன்னும் மோசம். தொட்டியில் ஏதாவது கோளாறு என்றால் தண்ணீரை ஒரு டம்ளரில் மோந்து, மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அப்புறம் கண்ணைத் திறந்து, "நேத்து மிச்சத் தீனியை எடுக்கலையோ?" என்பார். ஒருநாளும் தப்பினது கிடையாது. மீனுக்குச் செய்கிற எதையும் முதலில் தன் வாயில் போட்டுப் பார்ப்பார். கீரை மசியலாக இருந்தாலும் சரி, பூண்டு அரைத்துப் போட்ட கட்டியாக இருந்தாலும் சரி. உப்பு இல்லை, உறைப்பு இல்லை, மனுஷன் முகம் சுளிக்காமல் மென்று விழுங்குவார்.

கடையில் தீனி செய்கிற முறை இதுதான். பாசி தின்னும் மீனுக்கு, அதாவது கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்குமே அந்த சக்கர் மீனுக்கு, வெள்ளரிக்காயும் சுரைக்காயும். விரல் கனத்துக்கு வட்டமாக நறுக்கி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு, நிறம் மாறியதும் எடுத்துவிட வேண்டும். அது மிதக்கும். அதனால் எவர்சில்வர் ஸ்பூன் காம்பில் குத்தி அடியில் இறக்க வேண்டும். கீரை என்றால் சிறுகீரை, முருங்கைக்கீரை. சந்தையில் வாங்கிய கீரையை நம்பக்கூடாது. எங்கள் பக்கத்தில் மிளகாய்க்கும் பருத்திக்கும் அடிக்கிற மருந்து பக்கத்துப் பாத்திக் கீரையில் படியாமல் இருக்குமா? அதனால் அரைநாள் தண்ணீரில் கிடக்க வேண்டும், மூன்று தண்ணீர் மாற்ற வேண்டும், பிறகும் முதலில் ஒரு சின்னத் தொட்டியில் நாலு கப்பி மீனுக்குப் போட்டு மறுநாள் வரை பார்க்க வேண்டும். கேரட், பட்டாணி, கீரை மூன்றையும் வேகவைத்து அரைத்து, கடல்பாசியைக் காய்ச்சி அதில் கலந்து தட்டில் ஊற்றினால் அல்வா மாதிரி உறையும். துண்டு போட்டு ஐஸ் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். எதைப் போட்டாலும் இரண்டு மணி நேரம்தான். மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் அழுகும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆற்றுத் தண்ணீர் குழாயில் வாரத்துக்கு ஒருநாள் வந்தால் அதிர்ஷ்டம். மற்றபடி போர் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு. வீடுகளுக்குத் தொட்டி கழுவப் போகும்போது, குடத்தோடு வரிசையில் நிற்கிற பெண்கள் என்னைப் பார்த்து, "எங்களுக்கே இல்ல, மீனுக்கு மாத்துதாளாம் தண்ணி" என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் தலையைக் குனிந்துகொண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன்.

சிரிப்புக்கும் குறைவில்லை. ஒரு வீட்டில் திருச்செந்தூருக்கு மாலை போட்டிருந்தார்கள். வீட்டில் கவுச்சி கூடாது. பெரிய ஆஸ்கர் மீன் ஒன்று வைத்திருந்தார்கள், அது புழுவையும் இறாலையும் தின்கிற ஜாதி. "அதுக்கும் சைவமே போடுங்கக்கா, விரதம் முடியட்டும்" என்றார் அந்த வீட்டுக்காரர். நான் கேரட் கட்டியைப் போட்டேன். அது வாயில் வாங்கி, என்னைப் பார்த்து, அப்படியே துப்பியது. நாலு நாள் துப்பியது. ஐந்தாம் நாள் அந்த வீட்டுக்காரர் கடைக்கு வந்து, "நான் வெளியில நிக்கேன். நீங்க போயி என்னத்தையோ போட்டுட்டு வாங்க, எங்கிட்ட சொல்லாதீங்க" என்றார்.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் கௌசல்யா சந்தோஷப்படுவாள். ஆனால் பட்டாணி என்று எழுதினதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு தடவை எழுந்து போய்விட்டு வந்தேன். அதைச் சொல்லாமல் தாளைக் கொடுத்தால் அது பாதித் தாள்தான்.

பசுவந்தனை ரோட்டில் ஒரு பல் டாக்டரம்மா வீடு. ஆறு கோல்ட் பிஷ், ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். ஏழு வருஷமாக வளர்ந்தவை. ஒருநாள் போன் வந்தது. ஒரு மீன் வயிறு மேலே தெரிய மல்லாந்து மிதக்கிறது என்றார்கள். போனேன். டாக்டரம்மா கிளினிக்கில் இருந்தார். வீட்டில் சமையல் செய்கிற பேச்சியம்மாள்தான் கதவைத் திறந்தாள். நாகலாபுரத்துக்காரி, எங்கள் புதூருக்குப் பக்கம்தான், என்னைவிட நாலைந்து வயது சின்னவள். அங்கேயே தங்கி வேலை பார்த்தாள்.

மீனைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. காய்ந்த பொட்டலத் தீனியை அவசரமாக விழுங்கும், அது வயிற்றில் போய் ஊதும், மீன் நேராக நிற்க முடியாமல் கவிழும். சாகிற நோய் இல்லை. கவனிக்காவிட்டால் செத்துவிடும். மருந்து பட்டாணிதான். இரண்டு நாள் பட்டினி போட்டு, பிறகு அவித்த பட்டாணியைத் தோல் உரித்துக் கொடுத்தால் வயிறு இளகும்.

"பச்சைப் பட்டாணி இப்ப கெடைக்காதேக்கா. காஞ்சதுதான் இருக்கு" என்றாள் பேச்சி.

"அது போதும். ராவெல்லாம் ஊறட்டும். நல்லா மெத்துன்னு அவிச்சு, தோலை உரிச்சு, பிச்சுப் போடு."

"சுண்டல் பக்குவத்துக்கா?"

"அதைவிடவும் மெத்துன்னு."

அவ்வளவுதான் நான் பேசியது. அதில் ஒரு வார்த்தை கூட மறக்கவில்லை.

பட்டினி இரண்டு நாள், பட்டாணி இரண்டு நாள். ஐந்தாம் நாள் காலையில் டாக்டரம்மாவே கடைக்குப் போன் செய்தார். ஆறும் செத்துக் கிடக்கிறது.

அண்ணாச்சியும் நானும் ஓடினோம். தொட்டித் தண்ணீர் கழனித்தண்ணி மாதிரி வெளுத்துக் கிடந்தது. அண்ணாச்சி டம்ளரில் மோந்து முகர்ந்தார். பையிலிருந்து தண்ணீரைச் சோதிக்கிற சொட்டு மருந்தை எடுத்து டம்ளரில் இரண்டு சொட்டு விட்டார். தண்ணீர் பச்சையாக இருந்தால் நல்லது. நீலமானால் சோப்பு மாதிரிக் காரம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். கடும் நீலம். நான் அப்படி ஒரு நீலத்தை அதற்கு முன் பார்த்ததில்லை.

"இதுல சோப்பு கீப்பு எதுவும் விழுந்துச்சா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

டாக்டரம்மா பேச்சியைத் திரும்பிப் பார்த்தார். "என்னத்தை ஊத்தின?"

"பட்டாணி அவிச்ச தண்ணிம்மா. ஆற வச்சு, ஒரு செம்பு. சத்துன்னுதான்."

"சட்டியில சோப்பு இருந்துச்சா?"

"இல்லம்மா. சாமி சத்தியமா இல்ல. அக்கா சொன்னபடிதான் செஞ்சேன்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "நீங்க தண்ணிய ஊத்தச் சொன்னீங்களா?"

நான் சொன்னேன்: "பட்டாணிய அவிச்சு உரிச்சுப் போடச் சொன்னேன். தண்ணிய ஊத்தச் சொல்லல."

பொய் இல்லை. ஆனாலும் அதைச் சொல்லும்போது என் குரல் ஏன் அவ்வளவு வேகமாக வந்தது என்று இப்போதும் கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் பயம், வேலை போய்விடுமோ என்று. பேச்சி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். செத்த மீன்களை வலையில் அரித்து எடுத்தவள் நான்தான். அன்று மத்தியானமே அவளைத் துணிமணியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

கடைக்குத் திரும்புகிற வழியில் அண்ணாச்சி சொன்னார்: "சோப்பாத்தான் இருக்கணும். வெறும் பட்டாணித் தண்ணிக்கு இந்த நீலம் வராது." சரி என்றேன். சரி என்று இருந்துவிடவும் பார்த்தேன். பேச்சி பொய் சொல்லியிருக்கிறாள், அதற்கு நான் என்ன செய்ய? பத்துப் பதினைந்து நாள் இப்படி என்னையே சமாதானம் செய்துகொண்டு திரிந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. வீட்டில் சுண்டலுக்கு மூக்கடலை அடுப்பில் கொதிக்கிறது. மகன் பேசிக்கொண்டிருக்கிறான், நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் கை அதுபாட்டுக்கு மேல்தட்டுக்குப் போனது, சின்ன டப்பாவைத் திறந்தது, இரண்டு விரலால் கிள்ளியது, சட்டியில் போட்டது. நுரை பொங்கியது.

ஆப்ப சோடா.

எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீரில் பயறு லேசில் வேகாது. விறகு தீர்ந்தாலும் கல்லாகக் கிடக்கும். அதனால் அவிப்பது என்றால் ஒரு சிட்டிகை சோடா என்பது எங்கள் ஊர்களில் கையோடு பிறந்த பழக்கம். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, யாரும் சொல்வதும் இல்லை. கடையில் நாங்கள் ஆற்றுத் தண்ணீரில், குக்கரில் வேகவைப்போம், சோடாவுக்கு வேலை இல்லை. நாகலாபுரத்துக்காரியிடம் போய்ச் சுண்டலைவிட மெத்தென்று அவி என்று சொன்னவள் புதூர்க்காரியான நான். வேறு எந்த ஊர்க்காரியாவது சொல்லியிருந்தால், "சோடா போடலாமா?" என்று பேச்சி கேட்டிருப்பாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே அதைக் கேட்க வேண்டிய தேவையே வரவில்லை.

மறுநாள் கடைக்கு ஒரு மணி நேரம் முந்திப் போனேன். காய்ந்த பட்டாணியை வீட்டிலிருந்து கொண்டுபோன போர் தண்ணீரில், சோடா கிள்ளிப் போட்டு அவித்தேன். அந்தத் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டேன். அதே நீலம்.

அண்ணாச்சி வந்ததும் டம்ளரைக் காட்டினேன். அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அவித்த பட்டாணி ஒன்றை எடுத்து வாயில் போட்டார். ரொம்ப நேரம் மென்றார்.

"பழைய தொட்டி. கழிவு நெறய இருந்திருக்கும். காரம் ஏறுனா அந்தக் கழிவே வெசமாயிரும். மாவுத் தண்ணி வேற, மூச்சு முட்டியிருக்கும்" என்றார். பிறகு, "சோப்புன்னு நாந்தானம்மா சொன்னேன்" என்றார்.

"டாக்டரம்மாகிட்ட போய்ச் சொல்லட்டுமா அண்ணாச்சி?"

"கடை பேரு கெட்டுப் போகும்."

நான் நின்றேன்.

"கெட்டாக் கெடட்டும், போயிட்டு வா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அந்த மனுஷனை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

போனேன், டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. "அப்படியா? பாவம்தான்" என்றார். "ஆனா வேற ஆள் வந்தாச்சே செல்லம்மா. இப்ப என்ன செய்ய?" உள்ளே ஒரு புது ஆள் மிக்சியில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தாள். தொட்டி இருந்த இடத்தில் பூச்சாடி வைத்திருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாகலாபுரத்துக்குப் பஸ் ஏறினேன். பேச்சி வீட்டை விசாரித்தபோது ஒருத்தி, "யாரு, மீனுக்கு வெசம் வச்சுட்டு வந்தாளே, அவளா?" என்று கேட்டாள். சோப்பு என்று அங்கே சொன்னது இங்கே வந்து சேர்வதற்குள் விஷமாகியிருந்தது. சமையல்காரிக்கு அந்தப் பேர் வந்தால் எந்த வீட்டில் அடுப்படிக்குள் விடுவார்கள்?

பேச்சி அடிகுழாயில் குடத்தோடு நின்றாள். கூட ஏழெட்டுப் பெண்கள். பேச்சிக்குக் கையெல்லாம் சிவந்து கிடந்தது. மிளகாய்ப் பழம் பொறுக்கப் போகிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். வரவில்லை.

"இங்கனயே சொல்லுங்க."

மெதுவாகச் சொன்னேன். சோடாதான் காரணம், சோப்பு இல்லை, நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், எனக்கு அது தோணவில்லை.

"சரி, உங்களுக்குத் தோணல. எனக்கும்தானக்கா தெரியாது. நான் மட்டும் ஏன் வீட்டுக்கு வந்தேன்?"

அவளே மேலே சொன்னாள்.

"சோப்பு போடலன்னு எனக்குத் தெரியும். எங்கிட்ட வந்து சொல்லுதீங்களே, இவியகிட்ட சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க."

சொன்னேன். இத்தனை வருஷம் மீனோடு வேலை பார்த்தவளுக்குச் சத்தமாகப் பேசிப் பழக்கமில்லை. "மீனு செத்ததுக்கு பேச்சியம்மா காரணமில்ல. பட்டாணி அவிக்கச் சொன்னவ நான். சோடா போடக்கூடாது, அந்தத் தண்ணிய ஊத்தக்கூடாதுன்னு நான் சொல்லல. தப்பு எம்மேல."

அப்புறம் குழாயை அடித்துக்கொண்டிருந்த ஒரு வயசான அம்மா கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "ஏட்டி, சோடா போடாம பட்டாணி எப்படி வேவும்?"

"அதான?" என்றாள் இன்னொருத்தி. "அவிச்ச தண்ணியக் கீழ கொட்டுவாகளா? நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டு அழுகை வந்தது. பேச்சி சிரிக்கவில்லை. குடம் நிறைந்ததும் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாங்க" என்றாள்.

பஸ் நிற்கிற இடம் வரைக்கும் குடத்தோடு வந்தாள். மன்னிச்சுக்கோ என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் கேட்டாள்.

"அக்கா, அதுகள நீங்கதான அள்ளுனீங்க? அந்த மல்லாந்து கெடந்தது, பெரிய செவப்பு, அது எப்படிக் கெடந்துச்சு?"

"எல்லாம் ஒரே மாதிரிதான் கிடந்துச்சு பேச்சி. எது எதுன்னு தெரியல."

"அது சரியாயிருச்சுக்கா" என்றாள். "பட்டாணி போட்ட ரெண்டாம் நாளு சாயங்காலம். தொட்டிக்குப் போயி நின்னேன், நேரா நீந்தி வந்துச்சு என்கிட்ட. ஏழு வருசமா எங்கையில தின்ன மீனு. எனக்குச் சந்தோசம் தாங்கல. ஓடிப் போயி அந்தச் செம்புத் தண்ணியையும் கொண்டாந்து ஊத்துனேன்."

பஸ் வந்தது. பேச்சி குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, என் பையை எடுத்துப் படியில் வைத்தாள்.